தோற்ற வழக்கு... பிறந்த சட்டம்! - 180 நாள் கணக்கில் சிக்கிய லில்லி லெட்பெட்டர்

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊர். அங்கிருந்த குட்இயர் டயர் ஆலையில் இரவு ஷிஃப்ட்டுக்கு வந்த லில்லி லெட்பெட்டர், வழக்கம்போலத் தனக்கு வந்திருக்கும் கடிதங்களை எடுக்கப் போனார். நடுவில் ஒரு கிழிந்த துண்டுச் சீட்டு இருந்தது. யாரோ கையால் எழுதியது. நான்கு பெயர்கள், எதிரே நான்கு தொகைகள். ஒரு பெயர் அவருடையது. எதிரே இருந்தது அவருடைய சம்பளம், ஒரு டாலர்கூடப் பிசகவில்லை. மற்ற மூவரும் ஆண்கள். அதே ஆலையில் அதே ஏரியா மேனேஜர் வேலை பார்ப்பவர்கள். மூவருமே லில்லியைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சீட்டில் கையெழுத்து இல்லை. அதை வைத்தது யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவே இல்லை.

அன்று அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. 12 மணி நேர ஷிஃப்ட்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால், மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருட ஓவர்டைம் எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடப்பட்டதுதானே? நாளை வரப்போகும் ஓய்வூதியமும் இதே கணக்கில்தானே வரும்?

இந்தத் துண்டுச் சீட்டில் தொடங்கிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கே தோற்றது. தோற்ற விதத்தைப் பார்த்து, சட்டத்தையே திருத்த வேண்டிய கட்டாயம் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது.

சமமாகத் தொடங்கிய சம்பளம்

லில்லி பிறந்தது 1938-ல், அலபாமாவின் ஒரு சின்னக் கிராமத்தில். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீடு. 17 வயதில் சார்லஸ் லெட்பெட்டருடன் திருமணம். இரண்டு குழந்தைகள். வருமான வரி நிறுவனம் ஒன்றிலும் பல்கலைக்கழக அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு, 1979-ல் 40 வயதைத் தாண்டிய நிலையில் குட்இயர் ஆலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். ரப்பர் வாசனையும் இயந்திர இரைச்சலுமாக, முழுக்க முழுக்க ஆண்களின் உலகமாக இருந்த இடம் அது. 'இந்த ஆலைக்குப் பெண்கள் தேவையில்லை, அவர்களால் பிரச்னைதான்' என்ற தொனியில் ஆலை மேலாளரே தன்னிடம் பேசியதாகப் பின்னாளில் லில்லி சாட்சி சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய சம்பளம் ஆண்களுக்குச் சமமாகத்தான் இருந்தது. பிறகு, ஒவ்வோர் ஆண்டும் மேலதிகாரி போடும் மதிப்பீட்டை வைத்துச் சம்பள உயர்வு வந்தது. இந்த வருடம் பக்கத்து மேனேஜருக்குக் கொஞ்சம் அதிகம், இவருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த வருடம் அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான் அடுத்த சதவிகிதம் ஏறும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய்க்குக் கீழே வைத்த குடம் நிரம்புவதுபோல, வித்தியாசம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போனது.

1997-ம் ஆண்டு முடியும்போது நிலவரம் இது: ஏரியா மேனேஜர்களில் ஒரே பெண் லில்லி. அவர் மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த 15 ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286 டாலர். அதிகம் வாங்கியவருக்கு 5,236 டாலர். கடைசி இடத்தில் இருந்த ஆணுக்கும் இவருக்கும் இடையிலேயே மாதம் 559 டாலர் பள்ளம். இத்தனைக்கும் 1996-ல் சிறந்த செயல்பாட்டுக்கான விருதை அதே நிறுவனம் இவருக்குக் கொடுத்திருந்தது.

'19 வருடம் இது தெரியாமலா இருந்தார்?' என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அங்கே சம்பளம் ரகசியம். அதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசினால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் தன்னைச் சேர்த்தார்கள் என்று லில்லி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆண்கள் அதிகம் வாங்குவதாக 1990-களின் தொடக்கத்திலேயே தன் காதில் விழுந்தது என்பதையும் வழக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அவரை விமர்சித்தவர்கள் பின்னால் இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கேன்டீனில் காதில் விழும் பேச்சு வேறு, பெயரும் தொகையுமாகக் கையில் கிடைக்கும் சீட்டு வேறு. பேச்சை வைத்து நீதிமன்றம் போனால் யார் மதிப்பார்கள்?

ஜூரி சொன்ன தொகை

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பாகுபாட்டுக்கு நேராக நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டப்படி, முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையம் என்ற அரசு அமைப்பிடம் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கெடு உண்டு. பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாள். பல மாநிலங்களில் 300 நாள்வரை அவகாசம் கிடைக்கும். அலபாமாவில் 180தான். அப்போது இந்த எண்ணை லில்லி பெரிதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை. சீட்டு கைக்கு வந்ததும் கணவரோடு பேசினார். 1998 மார்ச்சில் ஆணையத்தை அணுகினார், ஜூலையில் முறையான புகார் பதிவானது. நவம்பரில் விருப்ப ஓய்வு பெற்றார். அதன் பிறகு வழக்கும் தாக்கலானது.

இது சிவில் வழக்கு. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதல்ல. 'எனக்கு நடந்தது அநீதி, அதற்கு ஈடு கொடுங்கள்' என்று கேட்பது. இத்தகைய சிவில் வழக்குகளிலும் அமெரிக்காவில் ஜூரி உண்டு. சட்டம் படிக்காத சாதாரணக் குடிமக்கள் இருதரப்பு சாட்சிகளையும் உட்கார்ந்து கேட்டு, யார் சொல்வது நம்பும்படி இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். ஈட்டுத் தொகையையும் அவர்களே சொல்வார்கள்.

அந்த ஜூரி முன் வந்த சாட்சியங்கள் சாதாரணமானவை அல்ல. ஒரு குறிப்பிட்ட வருடத்தில், அந்தப் பதவிக்கென்று நிறுவனமே நிர்ணயித்திருந்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே லில்லி வாங்கினார் என்பதை அவருடைய முன்னாள் மேலதிகாரியே ஒப்புக்கொண்டார். அதே ஆலையில் முன்பு மேனேஜர்களாக இருந்த இரண்டு பெண்கள் வந்து தங்களுக்கும் இதே கதைதான் என்றார்கள். அவர்களில் ஒருவர், தன்கீழ் வேலை பார்த்த ஆண்களைவிடவே குறைவாகச் சம்பளம் வாங்கியவர்! 'லில்லியின் வேலைத்திறன் மதிப்பீடு குறைவாக இருந்தது, அதனால்தான் சம்பளம் குறைவு' என்றது நிறுவனம். ஜூரி அதை ஏற்கவில்லை.

2003-ல் தீர்ப்பு வந்தது. பாக்கிச் சம்பளத்தோடு, நிறுவனத்துக்குப் பாடம் கற்பிக்கும் தண்டனைத் தொகையும் சேர்த்து 30 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது ஜூரி.

அமெரிக்க வழக்குகள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். தலைப்பில் லட்சமும் கோடியும் பளிச்சிடும். அடுத்து நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டியதற்குக் கோடிகளை அள்ளிய பாட்டி என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையும் அப்படித்தான். 1994-ல் ஜூரி சொன்ன சுமார் 29 லட்சம் டாலரை நீதிபதி 6 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைத்தார், கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன. தோலை ஒட்டுப்போடும் அளவுக்கு அந்த மூதாட்டிக்குத் தீக்காயம் என்பதும் அந்தக் கதையில் வருவதே இல்லை.

லில்லிக்கும் அதே கதிதான். பெரிய நிறுவனமாக இருந்தாலும் இத்தகைய வழக்கில் மன உளைச்சலுக்கும் தண்டனைக்கும் சேர்த்து 3 லட்சம் டாலருக்கு மேல் தரக் கூடாது என்று 1991-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஜூரிக்கு அந்த வரம்பைச் சொல்வதில்லை. அவர்கள் மனதாரச் சொல்லும் தொகையை நீதிபதி பிறகு கத்தரிப்பார். 3 லட்சம், பாக்கிச் சம்பளமாக 60 ஆயிரம். ஆக 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர் என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

அதுவும் கைக்கு வரவில்லை. நிறுவனம் அப்பீலுக்குப் போனது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது?

அட்லான்டாவில் உள்ள அப்பீல் நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. அங்கேதான் அந்த 180 நாள் வந்து குறுக்கே படுத்தது.

கேள்வி மிகவும் எளிமையானது. பாகுபாடு 'நடந்த நாள்' எது? குறைவான சம்பளத்தை மேலதிகாரி முடிவு செய்த நாளா? அந்தக் குறைந்த சம்பளத்தை ஊழியர் கையில் வாங்கும் ஒவ்வொரு நாளுமா? முதலாவது சரி என்றால், 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் நடந்தவற்றைக் கேட்க லில்லிக்கு உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. புகார் கொடுப்பதற்கு முந்தைய 180 நாள்களில் பாகுபாடான புதிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்றால் வழக்கே நிற்காது. இரண்டாவது சரி என்றால், கடைசிச் சம்பளச் செக் வந்த நாளில்கூட அவர் உரிமை உயிரோடு இருந்தது.

உச்ச நீதிமன்றம் 2006 நவம்பரில் வாதங்களைக் கேட்டது. 2007 மே 29 அன்று ஒன்பது நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். ஐவரின் சார்பில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தீர்ப்பை எழுதினார். முடிவு எடுத்த நாள்தான் கணக்கு, அதன் விளைவு பிறகு வருடக்கணக்கில் தொடர்ந்தாலும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடாது என்பது அவர்களின் நிலை. லில்லி தோற்றார்.

இதை மனசாட்சியில்லாத தீர்ப்பு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் கெடு என்று ஒன்று வைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 15 வருடத்துக்கு முன் போட்ட மதிப்பீட்டை இன்று கேள்வி கேட்டால், அதைப் போட்டவர் பதில் சொல்ல இருக்க வேண்டுமே? லில்லி முக்கியமாகக் குற்றம்சாட்டிய மேலதிகாரி, விசாரணை நடக்கும் முன்பே இறந்துபோயிருந்தார். அலிட்டோ அதையும் சுட்டிக்காட்டினார். சாட்சிகள் மறையும், நினைவு மங்கும், காகிதங்கள் தொலையும். அதனால் புகாரைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறது சட்டம்.

சரி, சீக்கிரம் கொடுத்திருந்தால்? முதல் வருடம் வித்தியாசம் சில டாலர்தான் இருக்கும். அதை வைத்து வழக்குப் போட்டால் 'இது ஒரு விஷயமா?' என்று தூக்கிப்போட்டிருப்பார்கள். போதுமான ஆதாரம் சேரும்வரை காத்திருந்தாலோ, 'காலம் கடந்துவிட்டது' என்பார்கள். முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும். இந்தப் பொறியைத்தான் அன்று இன்னொரு பெண் நீதிமன்றத்தில் உரக்கச் சொன்னார்.

நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி. சிறுபான்மையாக நின்ற நால்வரின் சார்பில் மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர். பொதுவாக மாறுபட்ட தீர்ப்புகள் காகிதத்தில் வெளியாகும், அவ்வளவுதான். மிகவும் அழுத்தமாக எதிர்க்க நினைக்கும்போது மட்டுமே நீதிபதிகள் அதன் சாரத்தை நீதிமன்றத்தில் வாய்விட்டு வாசிப்பார்கள். கின்ஸ்பர்க் அன்று வாசித்தார். சம்பளப் பாகுபாடு ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதுபோல ஒரே நாளில் பளிச்சென்று தெரியும் விஷயமல்ல, அது சிறுகச் சிறுகச் சேர்வது, அடுத்தவர் சம்பளம் பெரும்பாலும் மறைத்தே வைக்கப்படுகிறது, ஆண்கள் நிறைந்த இடத்தில் ஒற்றையாக நிற்கும் பெண் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் கலகம் செய்யத் தயங்குவாள் என்று விளக்கினார். இனி நாடாளுமன்றம்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று பந்தை அங்கே தட்டிவிட்டார்.

அவருக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 1963-ல் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியில் அவர் பேராசிரியராகச் சேர்ந்தபோது, சம்பளம் குறைவாக இருப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம், 'உங்கள் கணவருக்குத்தான் நல்ல வேலை இருக்கிறதே' என்பது.

கெடுவை மாற்றிய சட்டம்

தீர்ப்புக்குப் பிறகு லில்லிக்கு வயது 69. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். மாறாக, வாஷிங்டனுக்கும் அலபாமாவுக்குமாக அலைய ஆரம்பித்தார். 'எனக்கு இனி ஒன்றும் கிடைக்காது, அடுத்து வரும் பெண்களுக்காவது கிடைக்கட்டும்' என்பதுதான் அவர் உறுப்பினர்களிடம் வைத்த கோரிக்கை. கீழவை 2007-லேயே மசோதாவை நிறைவேற்றியது. 2008 ஏப்ரலில் மேலவையில் 56 பேர் ஆதரித்தும், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான 60 கிடைக்காததால் அது முடங்கியது. ஜனாதிபதி புஷ் நிர்வாகமும் எதிர்த்தது. பழைய புகார்கள் எல்லாம் தோண்டியெடுக்கப்படும், நிறுவனங்களின் மேல் வழக்குகள் குவியும் என்பது எதிர்ப்பாளர்களின் கவலை.

அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல். ஆட்சி மாறியது. டிசம்பரில், 50 ஆண்டுகளுக்கும் மேலாகத் துணையாக இருந்த கணவர் சார்லஸ் இறந்தார். புகார் கொடுக்கலாமா என்று முதன்முதலில் லில்லி யோசனை கேட்டது அவரிடம்தான். சட்டம் வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

2009 ஜனவரி 29. பதவியேற்று பத்து நாள்கூட ஆகாத ஜனாதிபதி பராக் ஒபாமா, தன் முதல் சட்டமாகக் கையெழுத்திட்டது 'லில்லி லெட்பெட்டர் நியாயமான ஊதியச் சட்டம்'. பக்கத்தில் லில்லி நின்றார். கின்ஸ்பர்க் அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றைச் சட்டகம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

சட்டம் சொல்வது ஒரே விஷயத்தை. பாகுபாடான முடிவின்படி குறைத்துத் தரப்படும் ஒவ்வொரு சம்பளமும் ஒரு புதிய தவறு, ஒவ்வொன்றுக்கும் 180 நாள் கெடு புதிதாகத் தொடங்கும். எவ்வளவு பின்னோக்கிப் போகலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. புகாருக்கு முந்தைய இரண்டு வருடப் பாக்கியை மட்டுமே கேட்டு வாங்க முடியும்.

இந்தச் சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வந்ததாகக் கருதப்பட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 2007 மே 28. உச்ச நீதிமன்றம் லில்லியைத் தோற்கடித்ததற்கு முந்தைய நாள்! அந்தத் தீர்ப்பு வந்ததையே சட்டத்தின் கண்ணில் இல்லாமல் ஆக்குவதுபோல ஒரு தேதி. அன்று நிலுவையில் இருந்த மற்றவர்களின் வழக்குகளுக்கு இதனால் உயிர் கிடைத்தது. லில்லியின் வழக்கு மட்டும் கடைசிப் படிவரை ஏறி முடிந்துவிட்டது. முடிந்த வழக்கை மறுபடி திறக்க முடியாது. அவர் பெயரில் வந்த சட்டத்தால் அவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை.

வேறு குறைகளும் உண்டு. இந்தச் சட்டம் கடிகாரத்தைத்தான் திருத்தியது, சம்பள ரகசியத்தை உடைக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரியாதவருக்கு எத்தனை கெடு கொடுத்தும் பயனில்லை. அதற்கென்று தனியாகக் கொண்டுவரப்பட்ட ஊதிய நியாய மசோதா பலமுறை நாடாளுமன்றத்துக்கு வந்தும் இதுவரை நிறைவேறவில்லை. மாநிலங்கள்தான் முந்திக்கொண்டன. கொலராடோ 2021-லிருந்தும், கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2023-லிருந்தும், வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. இன்று அந்த மாநிலங்களில் வேலை தேடும் ஒரு பெண், மனு போடும் முன்பே அந்த வேலைக்கு எவ்வளவு தருவார்கள் என்பதைச் செல்போனில் பார்த்துவிட முடியும். லில்லிக்கு அது தெரியவர 19 வருடமும், முகம் தெரியாத ஒருவரின் இரக்கமும் தேவைப்பட்டது.

அவர் 2024 அக்டோபரில், 86 வயதில் காலமானார். அவர் வாழ்க்கையை வைத்து, பட்ரீஷியா கிளார்க்சன் நடித்த 'லில்லி' என்ற திரைப்படமும் வந்தது. காட்ஸ்டன் ஆலையை 2020-லேயே மூடிவிட்டார்கள். ஆனால் அவருடைய நிறுவன ஓய்வூதியமும் அரசு தரும் முதுமைக்கால உதவித்தொகையும், வாங்கியிருக்க வேண்டிய சம்பளத்தை வைத்து அல்ல, வாங்கிய சம்பளத்தை வைத்தே கடைசி மாதம்வரை வந்துகொண்டிருந்தன.